றஜபில் வருகிறோம், தம்பி

என் செல்லத் தம்பி நௌஷாத்,

உனக்கு ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். மையவாடியைக் கடக்கும்போது உள்ளே அடக்கமாகிக் கிடப்பவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வாப்பா நம் இருவருக்கும் பழக்கியிருந்தார். கடலைத் தாண்டிக் கிடக்கும் உனக்கு மட்டும் சொல்லக் கூடாதா? பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் என் மெசேஜுகளுக்கு ஒழுங்காகப் பதில் போட்டவனா நீ?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உம்மாவுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது. வருகிற றஜப் மாதத்தில், நீ மவுத்தாகி இரண்டு வருடம் முடிகிற நாட்களில், உம்மாவும் நானும் ஜப்பானுக்கு, உன் சப்போரோவுக்கு வருகிறோம். காசுக் கதையை விட்டுவிடு. அது எனக்கும் உன் மச்சானுக்கும் இடையில் நடந்த சண்டை, முடிந்துவிட்டது.

இதற்கு முன் உம்மா வீட்டை விட்டுத் தூரம் புறப்பட்ட கதை உனக்குத் தெரியும். தொண்ணூறில், வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இயக்கம் துவக்கோடு வந்து சொன்னபோது, கையில் ஒரு பையும் இடுப்பில் நானுமாகத் தண்ணீரூற்றில் இருந்து போனார். எங்கே போகிறோம் என்று வாப்பாவுக்கும் தெரியாது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, நீயும் பிறந்து வளர்ந்து, வாப்பாவையும் அங்கேயே அடக்கிவிட்டு, திரும்பி வந்தோம். அதையும் நாம் நினைத்த நேரத்தில் செய்யவில்லை. ஆகவே, எந்த நாள் புறப்படுவது, என்ன கொண்டுபோவது, எங்கே தங்குவது என்று உம்மா யோசித்துப் போகிற முதல் பயணம் இதுதான். பிள்ளையை அடக்கிய கபுரைப் பார்க்கப் போகிற பயணம்.

ஆவணி வெயிலில் உன் சுதன் ஒரு பெட்டி அனுப்பினான். கண்டாவளையில் வயல் செய்கிறவரின் மகன். கிளிநொச்சியில் ஜப்பான் மொழி வகுப்பில் உனக்குப் பக்கத்துக் கதிரை. சப்போரோவில் நீ வேலை செய்த முதியோர் இல்லத்தில் உனக்கு ஒரு வருடம் மூத்த ஊழியன், ஒரே அறைக்காரன். அவனை உனக்கு நான் அறிமுகம் செய்வது வேடிக்கைதான். ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் அவனைத் தெரிய வேண்டும், நம் வீட்டில் இப்போது ஆண்பிள்ளை என்று இருப்பவன் அவன்தான். பெட்டிக்குள் தடித்த ஜக்கெட் இரண்டு, கம்பளிக் கையுறை, பனியில் வழுக்காத சப்பாத்து. உம்மா அத்தனையையும் போட்டுக்கொண்டு காற்றாடிக்குக் கீழே நின்றார். முகமெல்லாம் வியர்வை. கழற்றுங்கோ என்றால் கேட்கவில்லை.

"பழகோணும் புள்ள. அங்க போய்ப் புதுசாப் போட்டு நிண்டா ஆக்கள் சிரிப்பினம்," என்றார்.

யார் சிரிப்பார்கள்? அந்த நாட்டில் உம்மாவைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் தையல்காரி அல்லவா, உள்ளே போடத் தடித்த பருத்தியில் இரண்டு சட்டையும், காதை மூடுகிற மாதிரி உள்முக்காடும் தைத்துக் கொடுத்தேன். உம்மா சுதனிடம் போனில் விசாரிக்காத விஷயம் இல்லை. தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம்? சோற்றரிசி கிடைக்குமா? கக்கூஸில் தண்ணீர் இருக்குமா, கடதாசிதானா? தண்ணீர் தானாகவே பாயும், அதுவும் சுடுதண்ணீர் என்று அவன் சொன்னதும், "அப்ப நல்ல சனம்," என்று தீர்ப்புச் சொன்னார். நீ போன பிறகு உம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

றஜப் மாதத்தில்தான் போக வேண்டும் என்பது உம்மாவின் முடிவு. "அவன் மவுத்தான மாசத்தில அவன்ர கபுரடியில நிண்டு ஒரு யாசீன் ஓதோணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மாமிக்கு இது பிடிக்கவில்லை. நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கம் எங்கே இருக்கிறது? வாப்பாவின் ஜனாஸா போனபோது உம்மா கொட்டில் வாசலோடு நின்றார். தன் தாய், தகப்பன், புருஷன், யாருடைய கபுரையும் அவர் கண்ணால் கண்டதில்லை. பள்ளி ஹஸ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டோம். அழுது குழறாமல் துஆக் கேட்கத்தான் போகிறார் என்றால் தடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். வாழ்க்கையில் உம்மா நிற்கப்போகிற முதல் கபுரடி உன்னுடையது, நௌஷாத். அதற்கு அவர் போக வேண்டிய தூரத்தைப் பார்.

டிக்கட் போட்ட பிறகுதான் சுதன் என்னைத் தனியாகப் போனில் எடுத்துப் பேசினான்.

"ராத்தா, ஒரு பிழை விட்டிட்டம். றஜப் எண்டா இஞ்ச தை மாசம் வருது. அந்த நேரம் மையவாடிக்குப் போகேலாது."

"ஏன், பூட்டி வைப்பினமோ?"

"பூட்டத் தேவையில்ல. ரோட்டே இருக்காது. ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். அவன அடக்கேக்க மெஷினால வழி வெட்டினவை, மற்ற நாளில வெட்டமாட்டினம். கபுரும் தெரியாது, தலைமாட்டு மீஸான் கட்டையும் தெரியாது. சித்திரை கடைசியிலதான் கரையும்."

இப்படி ஒரு பிழையை நம்மைத் தவிர வேறு யார் விடுவார்கள்? பனி விழும் என்று தெரிந்தும், அது கபுரையே மூடிவிடும் என்று யோசிக்காமல், பிறையைப் பார்த்து நாள் குறித்தோம். நம் நாட்டில் மையவாடிக்குப் போகக் காலம் பார்த்தவர் உண்டா? மழைக்காலம் என்றால் செருப்பில் சேறு ஒட்டும், அவ்வளவுதானே. ஒரு ஊரில் வருடத்தில் பாதி நாள் மையவாடியையே காணாமல் போகச் செய்யும் ஒன்று வானத்தில் இருந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

வைகாசியில் போகலாம் உம்மா, பனி கரைந்துவிடும், பூவும் பூக்குமாம் என்று சொல்லிப் பார்த்தேன். உம்மா அசையவில்லை. உன் மச்சான் இர்பான் தன் பங்குக்குக் கணக்குப் போட்டார். நம் மாதங்கள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகின்றன அல்லவா? "மாமி, இன்னும் ஆறேழு வருசம் பொறுத்தா, பனி விழ முந்தியே றஜப் வந்திடும். நாளும் தப்பாது, கபுரும் தெரியும்," என்றார். நல்ல யோசனை சொல்லிவிட்ட சந்தோஷம் அவருக்கு.

உம்மா அவரைப் பார்த்த பார்வையை நீ பார்க்க வேண்டுமே. "றஜப் வந்திடும் மருமகன். நான் இருப்பனோ?"

அதற்குப் பிறகு வாய் திறக்க யாருக்குத் துணிவு? நான் மட்டும் விடவில்லை. பனிக்காலத்தில் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வயசான காலத்தில் சளி பிடிக்கும் என்றேன், வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியும் என்றேன். உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். உனக்கு மட்டும் ஏன் இந்தப் பனியில் இவ்வளவு பயம் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியும். அப்போது உம்மாவுக்குத் தெரியாது.

உம்மாவிடம் நான் சொன்னது, வேலை செய்கிற இடத்தில் உன் இதயம் நின்றுவிட்டது என்று. எல்லோருக்கும் கடைசியில் நிற்பது இதயம்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சுதனிடமும் அதையே சொல்லச் சொன்னேன். எங்கள் இருவரையும் மச்சானையும் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது.

உண்மையைச் சொன்னால் உம்மா உடைந்துவிடுவார் என்று பயந்தேன். நீ செத்த விதத்தை மட்டும் யோசித்து வந்த பயம் இல்லை அது. நீ அந்த இடத்தில் ஏன் போய் நின்றாய் என்பதை யோசித்து வந்த பயம்.

அது உன் முதல் பனிக்காலம். அன்று கொஞ்சம் வெயில் அடித்ததாம், பிறகு மழை தூறியதாம். இல்லத்தின் பின்பக்கம் குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்பிய நீ, நனையாமல் இருக்கக் கூரை ஓரத்தில் ஒதுங்கினாய். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம், பனி இளகுகிற நாளில் கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது என்று. கயிறுகூடக் கட்டியிருந்தார்களாம். நீ கயிற்றைத் தாண்டி உள்ளே போயிருக்கிறாய். மழை வந்தால் கூரைக்குக் கீழே போ என்று உன் உடம்புக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது, அந்தக் கயிறு உன்னை எப்படித் தடுக்கும்? கூரையில் மாதக்கணக்காகக் கிடந்த பனி மொத்தமாக வழுகி உன் மேல் விழுந்தது. போனவன் திரும்பவில்லையே என்று சுதன் தேடி வந்தானாம். பின்பக்கக் கூரை பனியில்லாமல் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்கியதாம்.

உன் உடம்பில் அதை ஊற வைத்தது யார்? புத்தளத்துக் கொட்டிலில் ஒழுக்குக்கு நடுவில் பிறந்து, கைக்குழந்தையிலேயே இழுப்புப் பிடித்து, நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கிய பிள்ளை நீ. மழை மணத்தாலே உம்மா பதறிப்போவார். பள்ளிக்கூடம் போகும்போதும், பெரியவனாகிச் சைக்கிளில் வேலைக்குப் போகும்போதும், ஜப்பானில் இருந்து நீ போன் கோல் எடுக்கும்போதும் கடைசியாக உன்னிடம் சொல்வது ஒரே வசனம்தான். "மழை தூறினாத் தாவாரத்துக்க ஒதுங்கி நில்லு வாப்பா, நனையாத." நான்கூட நக்கல் அடிப்பேன், அங்கே மழை இல்லை உம்மா, பனிதான் என்று. நீயும் சிரித்துக்கொண்டு "ஓம் உம்மா, ஒதுங்குறன்," என்பாய்.

ஒதுங்கியிருக்கிறாய், பாவி. ஏன் அன்று மட்டும் சொல் கேட்டாய்? எத்தனை விஷயத்தில் எங்கள் சொல்லைத் தட்டினாய், அந்த ஒன்றைத் தட்டியிருக்கக் கூடாதா?

இதைத்தான் உம்மாவிடம் மறைத்தேன். ஆனால் ஒரு ஊருக்குப் போகத் திட்டம் போடுகிறவர் அந்த ஊரைப் பார்க்காமல் இருப்பாரா? மச்சான் உம்மாவின் போனில் சப்போரோவின் வீடியோக்களைப் போட்டுக் காட்டினார். பிறகு உம்மாவே தேடிப் பார்க்கப் பழகிவிட்டார். ஐப்பசியில் ஒருநாள், அஸர் தொழுதுவிட்டுக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் புள்ள, இந்தச் சனம் வீட்டோரமா நடக்காம ரோட்டுப் பக்கமாவே விலத்தி நடக்குது?"

"தெரியாது உம்மா."

"இந்தா, இதில ஒரு படம் போட்டுப் பலகை நட்டிருக்கு பார். கூரையில இருந்து ஒரு மனிசன்ர தலையில கொட்டுற மாதிரி."

நான் நிமிரவில்லை. தையல் கோணலாக ஓடியது எனக்கே தெரிந்தது. உம்மா போனை மடியில் வைத்துவிட்டார்.

"பஸீலா, இஞ்ச பார். நௌஷாத் எப்பிடிப் போனவன்?"

சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். உம்மா நெஞ்சில் அடிப்பார், விழுந்துவிடுவார் என்று எழுந்து பக்கத்தில் போனேன். அவர் அசையவில்லை.

"மழை பெஞ்சதா?"

"தூறினது உம்மா."

"ஒதுங்கினவனா?"

"ஓம்."

உம்மா மடியில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நல்ல புள்ள," என்றார். "சொன்னதக் கேட்டிருக்கு."

நௌஷாத், எனக்கு நாற்பது வயதாகிறது. தொண்ணூறில் நடந்ததில் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, கொட்டில் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன், வாப்பாவின் கடைசி மூச்சைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது வந்த பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. உம்மா அழுதிருந்தால் பிடித்து அழுதிருப்பேன். என்னை ஏசியிருந்தால் ஏச்சு வாங்கியிருப்பேன். பாராட்டினால் என்ன செய்வது?

அடுத்த நாள் ஜக்கெட்டை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். பயணக் கதை இல்லை, சாப்பாடும் பெயருக்குத்தான். மாரி தொடங்கிவிட்டது. ஒரு பின்னேரம், டியூஷன் முடிந்து வந்த ஒரு பெண்பிள்ளை மழைக்கு நம் வீட்டுக் கூரையோரம் ஒதுங்கினாள். உம்மா உள்ளே இருந்து ஓடிவந்து, "அதுக்குள்ள நில்லாத! உள்ளுக்கு வா, இல்லாட்டி வெளிய போ!" என்று கத்தினார். அந்தப் பிள்ளை பயந்து மழைக்குள்ளேயே ஓடிவிட்டாள். உம்மா வாசலில் நின்று அவள் நனைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயணம் முடிந்துவிட்டது, டிக்கட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நானும் மச்சானும் பேசிக்கொண்டோம்.

பிறகுதான் உம்மா மச்சானிடம் ஐஸ் கேட்டார்.

உன் மச்சான் முல்லைத்தீவுக் கரையில் இருந்து மீன் லொறி ஓடுகிறார் என்பது உனக்குத் தெரியும். மீனுக்குப் போடுகிற நொறுக்கிய ஐஸ் ஒரு பெட்டி கொண்டு வாங்கோ மருமகன் என்றார். எதற்கு என்று கேட்க அவருக்குப் பயம். கொண்டுவந்து இறக்கினார். உம்மா அதை முற்றத்தில் கொட்டச் சொன்னார். குந்தியிருந்து இரண்டு கையாலும் அள்ளினார். கை சிவக்கும் வரை வைத்திருந்தார். கச்சான் தோட்டத்து மண்வெட்டியை எடுத்து வந்து, அந்தக் குவியலை வெட்டி ஒரு பக்கம் போட்டார். திரும்பவும் வெட்டினார். மீன் மணக்கிற ஐஸ். அதற்குள் செதில்கள் கிடந்தன. அறுபத்தைந்து வயது மனுஷி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முற்றத்தில் மழைக்குள் நின்று ஐஸ் வெட்டுகிறார். நானும் மச்சானும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இப்படிப்பட்ட காட்சியை எங்கே போய்ச் சொல்வது?

"வெட்டுப்படுது," என்றார். "மண்ணை விட லேசு."

அப்போது எனக்கு விளங்கவில்லை. சுதனுக்குக் கோல் எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"மகன் சுதன், நீ கையாலயா கிண்டினனீ?"

உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சுதன் என்னைத் தேடியிருப்பான், என்ன சொல்வது என்று. பிறகு சொன்னான்.

"ஓம் உம்மா. பனி அள்ளுற சவல் எடுக்க ஓடினா நேரம் போயிடும் எண்டு கையாலதான்... பிறகு மற்ற ஆக்களும் ஓடி வந்தவை. ஏலாமப் போச்சுது உம்மா."

"கை புண்ணாகினதா?"

"அது மாறீட்டுது."

"அவன மண்ணில வைக்கேக்க நீ நிண்டனீதானே?"

"நிண்டனான் உம்மா. பள்ளி ஆக்கள்தான் எல்லாம் செய்தவை. மூண்டு பிடி மண் போடக் குடும்பத்தில ஆக்கள் இல்லையே எண்டு என்னைப் போடச் சொன்னவை. நான் சைவக்காரன், கோயிலுக்குப் போறவன் எண்டு சொன்னனான். பரவாயில்ல, நீதான் அவன்ர ஆள், போடு எண்டவை." அவன் அழத் தொடங்கிவிட்டான். "போட்டனான் உம்மா."

கண்டாவளைச் சைவப் பொடியன் நம் பிள்ளைக்கு மண் போட்டதை உம்மா அன்றுதான் கேட்டார். பள்ளியில் நம் ஆட்கள் யாராவது போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தாராம். தொண்ணூறில் நம் சனத்தை அனுப்பிய ஊர்களின் பிள்ளை என்று அவன் மீது உம்மாவுக்கு ஒரு மூலையில் ஏதோ இருந்தது, எனக்குத் தெரியும். அது அன்று போனதா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடிய விஷயமா அது? உம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"மகன், அழாத. கேள். நாங்க றஜபிலதான் வாறம்."

"உம்மா, ரோட்டு இருக்காது உம்மா. கபுரே தெரியாது."

"தெரியாட்டி வெட்டி எடுப்பம். உன்னட்டச் சவல் இருக்கோ?"

"இருக்கு. ரெண்டு இருக்கு."

"மூண்டு எடு."

போனை என்னிடம் தந்துவிட்டு, அலுமாரியைத் திறந்து ஜக்கெட்டை வெளியே எடுத்துப் போட்டார். நான் பின்னால் போனேன். இந்த வயதில் அங்கே போய்ப் பனி வெட்டப்போகிறீர்களா, யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, உனக்குத் தெரியும்தானே. உம்மா ஜக்கெட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே என்னைக் கத்த விட்டார். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்கு அவன் அதுக்குள்ள கிடக்கேக்க, அள்ளி எடுக்கத் தாய் இருக்கேல்ல. ஒவ்வொரு வருசமும் அதே சாமான் திரும்பவும் அவன்ர மேல விழுது. சும்மா இருக்கச் சொல்லுறியோ?"

கபுரில் கிடப்பவனுக்குப் பனி பாரமில்லை, உம்மா. இதைச் சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. யார் கண்டது? நீதான் சொல்ல வேண்டும். பாரமாக இருக்கிறதா, நௌஷாத்?

அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் வந்துவிட்டது. இப்போது நானும் திட்டம்தான் போடுகிறேன். முதல் பனி விழ முன்னமே சுதன் மையவாடிக்குப் போய், உன் தலைமாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தடி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பக்கத்து ஆட்கள் பனியில் ரோட்டோரம் தெரிய அப்படித்தான் தடி நடுவார்களாம். மையவாடியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசி, ஒருநாள் அனுமதி வாங்கியிருக்கிறான். ஒரு தாய் மகனின் கபுரில் இருந்து பனியை அள்ள வருகிறார் என்று சொன்னதும், அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசல் படலை வரை மெஷினால் பாதை வெட்டித் தருகிறேன், மிச்சத்தை நீங்களே செய்யுங்கள் என்றாராம். சுதனின் மனேஜர் கார் தருகிறாராம். மண் உறைந்திருக்கும், ஒரு பிடிகூட வராது என்று சுதன் முன்கூட்டியே உம்மாவிடம் சொல்லியிருக்கிறான். "மண் நீ போட்டதே காணும், போதும் மகன். நான் எடுக்கத்தான் வாறன், போட இல்ல," என்றாராம் உம்மா.

இதை எழுதும்போதும் வெளியே மழைதான். ரோட்டில் போகிறவர்கள் எதிர்க்கடைக் கூரையோரம் வரிசையாக ஒதுங்கி நிற்கிறார்கள். இங்கே கூரையில் இருந்து தண்ணீரைத் தவிர எதுவும் விழாது. இருந்தும் என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டேன். இனி என் ஆயுள் முழுக்க மழை பெய்யும்போதெல்லாம் இப்படித்தானா? யாரிடம் கேட்பது?

உம்மா மட்டும் இப்போது மழைக்கு உள்ளே வருவதில்லை. முற்றம் கூட்டும்போது மழை வந்தால், அப்படியே நின்று கூட்டுகிறார். உள்ளே வாங்கோ, சளி பிடிக்கும் என்று நேற்றுக் கத்தினேன். திரும்பிப் பார்த்தார். தலை நனைந்து, முகத்தில் தண்ணீர் ஓடுகிறது. அழுகிறாரா, மழையா என்று தெரியவில்லை.

"அங்க போய் நிக்கேக்க மழை வந்தாலும் பனி கொட்டினாலும், என்னை ஒதுங்கச் சொல்லாத புள்ள. நான் அவனுக்குச் சொன்ன சொல்லை நானே அழிக்கோணும்."

தம்பி, உனக்கு வாக்குத் தருகிறேன். றஜபில் வருகிறோம். அந்தச் சிவப்புத் துணியைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே மூன்று பேரும் வெட்டுவோம். உன் மீஸான் கட்டை தெரியும் வரை, உன்னை மூடிய மண் தெரியும் வரை வெட்டுவோம். பிறகு உம்மா யாசீன் ஓதுவார். அன்று வானத்தில் இருந்து எது கொட்டினாலும் உம்மாவை நான் ஒதுங்கச் சொல்ல மாட்டேன், நானும் ஒதுங்க மாட்டேன். நாங்கள் திரும்பிய பிறகு பனி உன்னை மறுபடி மூடும், தெரியும். மூடட்டும். ஒரு நாளாவது உன் மேல் எந்தப் பாரமும் இல்லாமல், உன் உம்மா உன் பக்கத்தில் வெளியே நின்று நனைவார்.

உன் மீது இன்னும் கோபம் ஆறாத,
உன் ஒரே கூடப்பிறந்தவள்,
பஸீலா ராத்தா